சோளகத்துக்கு வைத்த செம்பு

காற்றுக்கு வாயும் கல்லுக்குக் காதும் இருந்த அந்தக் காலத்தில், ஓராத்தீவின் நடுவில் ஒரு மலை இருந்தது.

இன்றைக்கு அங்கே போய்ப் பார்த்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வடகடலில் கிடக்கிற அந்தச் சின்னத் தீவு பாய் விரித்தது போலத் தட்டை. கிழக்குக் கரையில் நின்றுகொண்டு, மேற்குக் கரையில் யார் வலை உலர்த்துகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஆறு கிடையாது. குளம் என்று சொல்ல ஒரு பள்ளம்தான் உண்டு. பனையும் பூவரசும் முட்செடியும், அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுகிற கல்வேலிகளும்தான் தீவு. ஆனாலும் அங்கே மலை இருந்தது. மலை என்றவுடன் வானத்தை முட்டுகிற மலையை நினைத்துவிடாதீர்கள். மூன்று பனைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு. கடலுக்கடியில் வளர்ந்து மேலே வந்த வெள்ளை முருகைக்கல்லால் ஆனது. அதற்குத் தீவுக்காரர் பெயரே வைக்கவில்லை. ‘எங்கட மலை’ என்பார்கள். இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கு எதற்குப் பெயர்?

கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது முதலில் கண்ணில் படுவது அந்த மலையின் தலைதான். அதைக் கண்டதும் களைத்துப்போன கைகூடத் தானாக வேகம் பிடிக்கும். உச்சியில் ஆலாப் பறவைகள் முட்டையிட்டு, ஊரில் நடப்பதையெல்லாம் பார்த்து, கடலில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன.

அப்போது இரண்டு காற்றுகள் தீவுக்கு மழை கொண்டுவந்தன. ஒருத்தி வாடை. வடகிழக்கிலிருந்து ஐப்பசியில் வருவாள். அவள் யாரோடும் பேசமாட்டாள், எங்கும் உட்காரமாட்டாள். வந்த வேலையை முடித்து, தை பிறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். மற்றவள் சோளகம். தென்மேற்கிலிருந்து வைகாசியில் அவள் வருகிற அழகே வேறு. கட்டிக்கொடுத்த மகள் பிறந்த வீட்டுக்கு வருவதுபோல மூட்டை முடிச்சுகளோடு வருவாள். மூட்டையெல்லாம் மேகம். தூரத்தில் மலையைக் கண்டவுடனேயே கூப்பாடு போடத் தொடங்கிவிடுவாள். ஓடி வந்து மலையில் ஏறி, மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். மூன்று நாள் மழை பெய்யும். கிணறுகள் கையால் மொள்ளும் அளவுக்கு நிறையும். அதன் பிறகு கையை வீசிக்கொண்டு ஊர் சுற்றுவாள். வள்ளத்தின் பாயை நிரப்புவாள், மீனைக் காயவைப்பாள், பெண்களின் கொண்டையை அவிழ்த்துவிட்டுச் சிரிப்பாள். புரட்டாசி வரைக்கும் தீவு இரண்டுபடும்.

தென்மேற்குக் கரையில் முதல் வீடு நாகாத்தையின் வீடு. சோளகம் மலையிலிருந்து இறங்கியதும் முதலில் வருவது அந்த வளவுக்குத்தான். நாகாத்தை ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

“களைச்சுப் போய் வந்திருக்கிறாய். முதல் தண்ணியைக் குடி.”

“அக்கை, நான் ஊருக்கே தண்ணி கொண்டு வாறன். நீ எனக்கு ஒரு செம்பு தாறியோ?”

“அது வேறை, இது வேறை. வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தண்ணி குடுக்காமல் கதைக்கிறதே?”

சோளகம் சிரித்துக்கொண்டே குடிப்பாள். குடித்து முடித்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். “என்னைக் குஞ்சம்மா எண்டு கூப்பிட இன்னும் ஆள் வரேல்லையோ, அக்கை?” குஞ்சம்மா என்றால் அம்மாவின் தங்கை, சித்தி.

நாகாத்தைக்கும் அவள் புருஷன் கந்தவனத்துக்கும் கலியாணமாகிப் பதினொரு வருடமாகியும் பிள்ளை இல்லை. ஊரில் மற்றவர்கள் இதே கேள்வியைக் கேட்டால் நாகாத்தைக்கு நெஞ்சில் முள் தைக்கும். சோளகம் கேட்டால் மட்டும் தைக்காது. தனக்காக ஆசைப்படுகிறவள் கேட்பதற்கும் வாய்க்கு வந்ததைக் கேட்பதற்கும் வித்தியாசம் தெரியாதா என்ன?

பன்னிரண்டாவது வருடம் சித்திரையில் பெண்குழந்தை பிறந்தது. பூரணம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆலாக்கள் சும்மா இருக்குமா? நடுக்கடலுக்குப் பறந்துபோய்ச் சோளகத்திடம் சொல்லிவிட்டன. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாள் பார்க்காமல், சித்திரை முடியுமுன்பே, மூட்டைகளை வாரிக்கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். மலை கண்ணெதிரேதான் நின்றது. “முதல் இறக்கி வை, பிள்ளை” என்று மலை கூப்பிட்டது. அவள் காதில் அது விழவேயில்லை. தலையில் இருந்த சுமையோடு நேரே நாகாத்தையின் வளவுக்குள் புகுந்தாள்.

குடிசையின் கதவு சாத்தியிருந்தது. பிள்ளையைப் பார்க்கும் அவசரத்தில் சோளகம் ஓலைக் கூரையை ஒரு பக்கமாகத் தூக்கி எட்டிப் பார்த்தாள். குனிந்த வேகத்தில் தலையிலிருந்த மூட்டைகள் அத்தனையும் அவிழ்ந்தன. மூன்று நாளில் முழுத் தீவுக்கும் பெய்யவேண்டிய மழை அந்த ஒரு குடிசைக்குள் கொட்டியது.

கந்தவனம் கூரையைப் பிடித்து இழுத்துக் கட்டினான். கயிறு அறுந்தது. திரும்பக் கட்டினான், திரும்ப அறுந்தது. அடுப்பு அணைந்தது, பாய் மிதந்தது, உலர்ந்த துணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. மறுநாள் காலையில் பிள்ளையின் உடம்பு கொதித்தது. சளி கட்டி மூச்சுக் கர்கர் என்றது. முலை கொடுத்தால் குடிக்கவில்லை.

சோளகம் வாசலில் நின்று கையைப் பிசைந்தாள். “அக்கை, நான் பாக்கத்தானே வந்தனான். ஒருக்கால் தொட்டுப் பாக்கட்டே?” அவள் பேசப் பேச ஈரக்காற்று உள்ளே அடித்தது. பிள்ளை இழுத்து இழுத்து இருமியது.

நாகாத்தைக்கு ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. “உன்ரை பாசமும் வேண்டாம், உன்ரை மழையும் வேண்டாம். இனி இந்த வளவுக்குள்ளை நீ காலடி எடுத்து வைக்கக் கூடாது, போ!” என்று கத்தினாள்.

சோளகம் போனாள். ஆனால் காற்று எவ்வளவு தூரம்தான் போகும்? வேலியோரம் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். தேம்பினாலும் அது காற்றுத்தானே, கூரை ஆடியது. நாகாத்தை பிள்ளையைக் கந்தவனத்தின் மடியில் போட்டுவிட்டு மலைக்கு ஓடினாள்.

“மலையே, எனக்குக் கொஞ்சக் கல்லுத் தா. மதில் கட்டவேணும். பிள்ளை சாகக் கிடக்கு.”

மலை எப்போதும் மெல்லத்தான் பேசும். “எடு பிள்ளை. நான் இவ்வளவு பெரிசாக் கிடக்கிறன். நாலு கல்லுப் போனால் எனக்கு என்ன குறைஞ்சுபோகும்?”

அன்று பகல் முழுக்க அவள் தலையிலும் கந்தவனத்தின் தோளிலுமாகக் கல் வந்தது. இருட்டுவதற்குள் குடிசையின் தெற்கையும் மேற்கையும் வளைத்துக் கூரை உயரத்துக்கு ஒரு மதில் எழுந்தது. மண்ணும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கல்லின் மேல் கல்லை வைத்து அடுக்கியதுதான். அடுப்பு மூண்டது. துணி உலர்ந்தது. மூன்றாம் நாள் பூரணம் வாய் திறந்து அழுதாள், முலை குடித்தாள். பெற்றவளுக்கு வேறு என்ன வேண்டும்? அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

பக்கத்து வளவு அன்னமுத்து வந்து மதிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “ஏன்டி நாகாத்தை, உள்ளுக்கு ஒரு சொட்டுக் காத்து வரேல்லையே! இருந்து பார், நாளைக்கு என்ரை குசினிக்கும் ஒண்டு அடுக்கிறன்” என்றாள். சொன்னபடி தன் அடுக்களைக்கும் அடுக்கினாள். அவளைப் பார்த்து அவள் கொழுந்தன் அடுக்கினான். அவனைப் பார்த்து ஊர் அடுக்கியது. ஆட்டுக்கு ஒரு மதில் வந்தது, குட்டிக்கு இன்னொன்று வந்தது. இரண்டு வளவுக்கு நடுவே ஒரு மதில் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இவர் கட்டியது இவருடையது, அவர் கட்டியது அவருடையது. நடுவில் ஒரு நாய் நுழைய இடம் கிடந்தது.

யாரும் மலையை உடைக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். ஒவ்வொருவரும் போய் மரியாதையாகக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் நாலே நாலு கல் என்றுதான் கேட்டார்கள். மலையும் ஒவ்வொருவருக்கும் “எடு பிள்ளை” என்றது.

ஒவ்வொரு வைகாசியிலும் சோளகம் வந்தாள். மலை ஒவ்வொரு தடவையும் குட்டையாகிக்கொண்டு வந்தது. கொண்டுவந்த மூட்டைகளில் பாதி உட்கார்ந்தது, பாதி சரிந்து கடலில் விழுந்தது. மழை மூன்று நாளிலிருந்து இரண்டு நாளானது, பிறகு ஒரு நாளானது. அவள் ஊருக்குள் வந்தாலும் எல்லாப் பக்கமும் மதில். நாகாத்தையின் மதிலுக்கு வெளியே நின்று கல்லிடுக்கு வழியாக “அக்கை, அக்கை” என்பாள். நாகாத்தைக்குக் கோபம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் வாயால் விரட்டியவளை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அடுப்பை ஊதுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். செம்பு உறியிலேயே தொங்கியது.

பூரணத்துக்கு நாலு வயது நடக்கும்போது மலையில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. அதையும் யாரோ கேட்கப் போனார். அப்போது மலையின் குரல் அவ்வளவு கீழே போயிருந்தது. முழங்காலில் நின்று காதைத் தரையில் வைத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது. “எடு பிள்ளை” என்றுதான் அப்போதும் சொன்னது. அந்தக் கடைசிக் கல்லைக் கொண்டுபோனவர் யார் என்பதை இன்றுவரை எவரும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்த வருடம் வைகாசி வந்தது. சோளகம் வரவில்லை. ஆனி பிறந்தும் காணவில்லை. கடலிலிருந்து கந்தவனம் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். “மலையின்ரை தலை தெரியேல்லை. எங்கை வாறதெண்டு தெரியாமல் தண்டு வலிக்கிறம்” என்பான். உட்கார இடமில்லாத ஆலாக்கள் வானத்திலேயே கத்திக்கொண்டு திரிந்தன.

ஆனி நடுவில் ஒரு மத்தியானம், மதிலுக்கு வெளியே புழுதி எழும்பியது. சோளகம் வந்திருந்தாள். தலைமயிர் எல்லாம் மண். உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு மூட்டைகூட இல்லை.

“அக்கை, மலை எங்கை?”

நாகாத்தை கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

“மூட்டையோடை மூண்டு தரம் சுத்தினன். கண்ணுக்கு எட்டின தூரத்துக்குத் தண்ணிதான். தீவு எங்கை கிடக்கெண்டே தெரியேல்லை. கழுத்து முறிஞ்சுபோச்சு. தெற்கை பெரிய மலையள் நிக்குது. ‘இறக்கி வை பிள்ளை’ எண்டு அதுகள் கூப்பிட்டுது. அங்கை இறக்கிப்போட்டன்.”

“எல்லாத்தையுமோ?”

“எல்லாத்தையும். பிறகு ஒரு ஆலாவைக் கண்டு, அதுக்குப் பின்னாலை வந்தனான். பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடை வந்திட்டன், அக்கை.”

நாகாத்தை மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நாலு வருடமாக அடக்கி வைத்த அழுகை.

ஆடிக்குள் கிணறுகள் இறங்கின. பனையோலைப் பட்டையைக் கிணற்றில் விட்டால் தட்டென்று தரையில் இடித்தது. ஊறுகிற கொஞ்சத் தண்ணீரும் உப்புக் கரித்தது. வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்று ஆனது. பூரணம் உலர்ந்த பனங்கிழங்கைக் கடித்துவிட்டு “அம்மா, தண்ணி” என்பாள். நாகாத்தை ஒரு மிடறு கொடுத்துவிட்டுச் செம்பை மறைத்து வைப்பாள். தன் உயிரைக் கொடுத்துப் பிழைக்க வைத்த பிள்ளை, தன் கண்முன்னே நாக்கு வறண்டு நின்றது.

ஒரு விடியற்காலையில் நாகாத்தை எழுந்து மதிலின் தென்மேற்கு மூலையைப் பிரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கல்லாகத் தலையில் வைத்து, மலை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் அடுக்கினாள். வழியில் அன்னமுத்துவின் வாசலில் நின்றாள்.

“நீயும் கொண்டு வாவன் அன்னமுத்து. எல்லாரும் கொண்டு வந்தால் மலையைத் திரும்ப எழுப்பிப்போடலாம்.”

“குசினி மதிலைப் பிரிச்சால் உலை எப்பிடிக் கொதிக்கும்? முதல் மற்றவை கொண்டு வரட்டும். நான் என்ன, மாட்டனெண்டே சொன்னனான்?”

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். மற்றவர்கள் கொண்டுவரட்டும். அந்த மற்றவர்கள் யார் என்று தேடி நாகாத்தை தீவு முழுக்க நடந்தாள். ஒருவரையும் காணவில்லை.

கந்தவனம் மட்டும் வந்து தோள் கொடுத்தான். “நீ பிள்ளைக்காகத்தானே எடுத்தனி. அதுக்கு இப்பிடி உன்னை நீயே வருத்தாதை” என்றான்.

“நான் கல்லு எடுத்ததுக்கு அழேல்லை. அவளைப் போ எண்டு சொன்னதுக்கு அழுறன்” என்றாள் நாகாத்தை.

நாலு நாளில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு குவியல் எழும்பியது. சோளகம் வந்து பார்த்தாள். மெல்ல ஏறி உட்கார்ந்து பார்த்தாள். மேலிருந்த கற்கள் உருண்டு விழுந்தன.

“இதிலை ஒரு மூட்டையும் நிக்காது, அக்கை.”

“வாற வருசம் இன்னும் உயத்துவன். நீ கொண்டு வா.”

“அங்கை தெற்கை ஆறுகள் ஓடத் தொடங்கியிட்டுது. நான் போகாட்டில் அதுகள் காய்ஞ்சுபோகும். அந்தச் சனமும் பிள்ளைகுட்டி வைச்சிருக்குதுகள்தானே?” சோளகம் எழுந்தாள். “வருவன். வராமல் இருக்கமாட்டன். ஆனால் இனி இப்பிடி வெறுங்கையோடைதான் வருவன்.”

நாகாத்தைக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. போனது போய்விட்டது. பிரித்த மதிலின் மூலையில், கற்கள் இல்லாத வெறும் இடத்தில், வந்து உட்கார்ந்தாள். சோளகமும் பின்னாலேயே வந்து அந்த இடைவெளிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. வரக்கூடாது என்று சொன்ன சொல் அவளுக்கு இன்னும் நினைவில் இருந்தது. தொண்டை வறண்டு கரகரவென்று இருமினாள்.

உள்ளேயிருந்து பூரணம் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த தண்ணீர் அவ்வளவுதான். பாதிச் செம்புக்கும் குறைவு.

“அம்மா, வெளியிலை நிக்கிறது ஆர்?”

நாகாத்தை கண்ணைத் துடைத்தாள். “உன்ரை குஞ்சம்மா.”

“இருமுறா. அவவுக்குத் தண்ணி வேணுமோ?”

நாகாத்தையின் கை தானாகச் செம்பைத் தடுக்கப் போனது. பிள்ளையின் தண்ணீர் அது. மாலை வரைக்கும் வேறு கிடையாது. தடுக்கப் போன கை பாதியிலேயே நின்றது. வீட்டுக்கு வந்தவளுக்கு நாலு வருடமாகத் தண்ணீர் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். பூரணம் இரண்டு மிடறு தான் குடித்தாள். மிச்சத்தோடு செம்பைக் கொண்டுபோய், மதில் பிரித்த மூலையில் பதிந்து கிடந்த கல்லின் மேல் வைத்தாள்.

“குஞ்சம்மா, குடியுங்கோ.”

சோளகம் அசையவில்லை. பிறகு மெல்லக் குனிந்தாள். ஓலை ஒன்றுகூட ஆடவில்லை, அவ்வளவு மெல்ல. செம்பில் வாய் வைத்துக் குடித்தாள். அடி வரைக்கும் குடித்தாள். குடித்துவிட்டு, கூரையைத் தூக்கிப் பார்த்த நாளிலிருந்து தொடவேண்டும் என்று ஏங்கிய அந்தப் பிள்ளையின் நெற்றிமயிரை ஒரே ஒரு தரம் ஒதுக்கிவிட்டாள்.

“உள்ளை வா” என்றாள் நாகாத்தை.

அந்த மதில் மூலை திரும்பக் கட்டப்படவேயில்லை. அடுத்த வைகாசியில் அன்னமுத்துவும் சத்தம் போடாமல் தன் மதிலில் தென்மேற்கு மூலையை இறக்கினாள். அவளைப் பார்த்து அவள் கொழுந்தன் இறக்கினான். பிறகு ஊர் இறக்கியது. கல்லை மலைக்குக் கொண்டுபோக மனம் வராதவர்களுக்கு இதற்காவது மனம் வந்தது.

தீவின் நடுவில் அந்த இடுப்பளவுக் குவியல் இன்னும் கிடக்கிறது. கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனாலும் கரைக்குத் திரும்புகிறவர்கள் கையை நெற்றியில் வைத்து அந்தப் பக்கம் ஒரு தரம் பார்க்காமல் இருப்பதில்லை. எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: ஓராத்தீவில் சோளகம் வறண்ட காற்றாக வீசுவதும், ஊர் முழுக்கக் கல்வேலியாக இருந்தும் ஒரு வேலிக்கும் தென்மேற்கு மூலை உயராமல் இருப்பதும், கிணற்றில் தரை தெரிகிற வருடத்திலும் வைகாசியில் முதல் காற்று வீசும் நாளில் வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் அந்த மூலையில் வைக்கப்படுவதும். மாலையில் போய்ப் பார்த்தால் செம்பு காய்ந்து கிடக்கும். வெயில் குடித்துவிட்டது என்று அந்தத் தீவில் ஒருவரும் சொல்வதில்லை.